அறுபது ஜோடி வார்த்தை

ஆரணியில் ஒரே பார்டருக்கு இரண்டு பட்டுப்புடவைக்காரர்கள் சண்டை போட்டுக்கொண்டால் போலீசுக்குப் போகமாட்டார்கள், அட்டை கடைக்குத்தான் வருவார்கள். புடவையில் மயில் வருவதும் மாங்காய் வருவதும் தறிக்கு மேலே ஜக்கார்டு பெட்டியில் தொங்குகிற அட்டைகளின் வேலை. அட்டையில் ஓட்டை இருக்கிற இடத்தில் இழை தூக்கும், இல்லாத இடத்தில் படுத்துக் கிடக்கும். என் மயிலை இவன் திருடிவிட்டான் என்று ஒருவன் சொன்னால், இரண்டு பேருடைய அட்டையையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்து வெயிலில் பிடிப்பார்கள். ஓட்டையும் ஓட்டையும் சேருகிற இடத்தில் வெளிச்சம் தரையில் விழும். வெளிச்சம் முழுசாக விழுந்தால், இரண்டாவதாக அட்டை அடித்தவன் திருடன். அவன் அட்டை செல்லாது. மயில் எந்தப் பக்கம் பார்க்கிறது, கொண்டையில் எத்தனை முடி என்ற பேச்செல்லாம் அங்கே எடுபடாது. இதற்கு வெளிச்சம் பார்ப்பது என்று பெயர்.

அருணகிரி மாஸ்டரின் அட்டை கடையில் இருபத்தாறு வருஷமாக அட்டை அடித்தவன் சக்கரவர்த்தி. பெயர்தான் சக்கரவர்த்தி. காலால் மிதித்து மிதித்து இரண்டு முட்டியும் போய், படி ஏறினால் கதவு திறக்கிற மாதிரி சத்தம் வரும். நாற்பத்தாறு வயதில் அறிவொளி வகுப்பில் போய் உட்கார்ந்து எழுத்துக் கற்றுக்கொண்டான். அட்டை அடித்த பழக்கமோ என்னவோ, அவனுக்கு வார்த்தை ஒவ்வொன்றாகப் படிக்க வராது. இரண்டு இரண்டாகத்தான் வரும். முதல் வார்த்தையையும் இரண்டாவதையும் சேர்த்து ஒரு தடவை, இரண்டாவதையும் மூன்றாவதையும் சேர்த்து ஒரு தடவை, இப்படியே போவான். ஒரு பஸ் போர்டைப் படித்து முடிப்பதற்குள் பஸ் களம்பூர் போய்விடும்.

தொண்ணூற்றாறாம் வருஷம் சித்திரையில் அவன் குடியிருந்த மூங்கில்மேட்டுக்கு ஒரு சேதி வந்தது. ஆற்றங்கரையை ஒட்டிப் புதுச் சாலை போடப்போகிறார்கள். மேட்டில் இருக்கிற பதினைந்து கூரை வீட்டில் யாருக்குப் பட்டா இருக்கிறதோ அவர்கள் இருக்கலாம். மற்றவர்கள் ஆனி மாதத்துக்குள் எழுந்துகொள்ள வேண்டும். மேட்டில் ஒருவருக்கும் பட்டா கிடையாது. சக்கரவர்த்தியும் அவன் பெண்டாட்டி லீலாவும் இரண்டு சென்ட் இடத்தில் இருபத்திரண்டு வருஷமாக இருக்கிறார்கள். அங்கேயிருந்து எழுந்தால் வேறு எங்கேயும் உட்கார இடமில்லை.

மற்ற பதினாலு வீட்டுக்காரர்களும் மனு ஆபீஸுக்கு எதிரே மர நிழலில் உட்கார்ந்து எழுதுகிறவர்களிடம் பட்டா கேட்டு மனு எழுதி வாங்கினார்கள். சக்கரவர்த்திக்கு அது ரோஷமாக இருந்தது. எழுத்துக் கற்றவன் எதற்கு இன்னொருத்தன் கையைப் பார்க்க வேண்டும்? நாலு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, அறுபத்தோரு வார்த்தையில் தானே ஒரு மனு எழுதினான். லீலா அதை மடிக்கக்கூட விடவில்லை. அட்டைக்குள் வைத்துக் கொடுத்தனுப்பினாள்.

மனு ஆபீஸில் மனு வாங்குகிற குமாஸ்தா சுப்பராயலு. அவரும் நெசவுக் குடும்பத்தில் பிறந்தவர்தான். அவருடைய அப்பா காலத்தில் வீட்டில் மூன்று தறி இருந்தது. மனுவை எடுத்து முகர்ந்து பார்க்கிற தூரத்தில் வைத்துக்கொண்டு படித்தார். சிவப்பு பேனாவால் அங்கங்கே கோடு போட்டார். அப்புறம் தலையை ஆட்டினார்.

“இது உன் மனு இல்லப்பா.”

“நான்தான் சார் எழுதனேன். நாலு ஞாயித்துக்கெழம ஆச்சு.”

“கையெழுத்து உன்துதான். வார்த்த உன்து இல்ல. ‘மிகவும் தாழ்மையுடன்’னு போட்டுகிற. இது உங்க மேட்டு முனியம்மாள் மனுவுல கீது. பூங்காவனம் மனுவுல கீது. அவங்க மனு முந்தாநாள் வந்துச்சி, உன்து இன்னிக்கு வருது. அப்போ யார பாத்து யாரு அடிச்சது?”

வேறு யாராக இருந்தாலும் சண்டைக்குப் போயிருப்பான். சக்கரவர்த்தியால் போக முடியவில்லை. இருபத்தாறு வருஷமாக அவன் நின்று பார்த்த நியாயம் அது. பின்னால் வந்தவன் திருடன். சுப்பராயலு சுவரைக் காட்டினார். புதிதாக வந்திருக்கிற பெரிய அதிகாரி கையெழுத்துப் போட்டு ஒரு சுற்றறிக்கை ஒட்டியிருந்தது. மரத்தடித் தரகர்கள் எழுதினதைப் பார்த்து எழுதுகிற மனுக்கள் பெருகிவிட்டதால் இனி எல்லாம் சொந்த வாசகத்தில் இருக்க வேண்டுமாம். அங்கேயே நின்று அதை இரண்டு இரண்டாகப் படித்தான். முக்கால் மணி நேரம் ஆயிற்று. படித்து முடிக்கும்போது சுப்பராயலு தள்ளுபடி உத்தரவை எழுதி அவன் கையில் கொடுத்திருந்தார். அடுத்த மனு நாள் ஆனி ஏழாம் தேதி, பெரிய அதிகாரியே நேரில் உட்காருவார், வேண்டுமானால் அன்றைக்கு வந்து சொல்லிக்கொள் என்று மட்டும் சொன்னார்.

வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் சக்கரவர்த்திக்கு ஒரே யோசனை. மனு எழுதும்போது அவன் யாருடையதையும் பார்க்கவில்லை. அப்படியானால் ‘மிகவும்’ போட்டதும் ‘தாழ்மையுடன்’ எங்கேயிருந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தது? முனியம்மாள் மனுவை எழுதினவனுக்கு எங்கேயிருந்து வந்தது? அவன் யாரிடமோ எடுத்திருப்பான். அந்த யாரோ இன்னொருவனிடம் எடுத்திருப்பான். ஒவ்வொரு டிசைனுக்கும் முதலில் அடித்தவன் ஒருத்தன் இருப்பான் அல்லவா? அவனைக் கண்டுபிடித்துவிட்டால், இவனும் முனியம்மாளும் ஒரே ஆளிடமிருந்து எடுத்தவர்கள், ஒருவரை ஒருவர் பார்த்து அடித்தவர்கள் இல்லை என்றாகிவிடும். அட்டை கடையில் அப்படி எத்தனையோ பேரை விட்டிருக்கிறார்கள்.

பழைய வார்த்தை வேண்டும் என்றால் பழைய புத்தகத்துக்குத்தான் போக வேண்டும். பழைய புத்தகம் என்றால் பிலவேந்திரன். சேத்துப்பட்டு சாலையில் பழைய பேப்பர் கடை வைத்திருந்தான். பள்ளிக்கூடம், வக்கீல் வீடு, செத்துப்போன வாத்தியார் வீடு என்று எங்கே மூட்டை கட்டினாலும் அவன் தராசுக்கு வந்துவிடும். கிலோ கணக்கில் வாங்குவதால் அவனுக்கு எல்லாப் புத்தகமும் ஒன்றுதான். சக்கரவர்த்தி வந்து, புத்தகத்தை வாங்கப்போவதில்லை, உள்ளே என்ன இருக்கிறது என்று மட்டும் பார்க்க வேண்டும் என்றதும் அவன் பயந்துபோனான்.

“இன்னாண்ணே தேடற? பணம் கிணம் ஒளிச்சி வெச்சிட்டியா?”

“வார்த்த தேடறன்பா. ரெண்டு ரெண்டா.”

 பிலவேந்திரன் சாக்கை விரித்து உட்காரச் சொன்னான். பைத்தியம் என்று நினைத்தாலும் கையால் அடிக்கிற பைத்தியம் இல்லை என்று புரிந்துவிட்டது.

சக்கரவர்த்தி வேலையை வேலை மாதிரிதான் செய்தான். மனுவில் அறுபத்தோரு வார்த்தை. அடுத்தடுத்த வார்த்தையைச் சேர்த்தால் அறுபது ஜோடி. கடையில் வீணாகிப்போன அட்டைகளைக் கொண்டுவந்து, மனுவுக்கு அறுபது ஓட்டையோடு ஓர் அட்டையும் ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஓர் அட்டையும் வைத்துக்கொண்டான். முதல் ஓட்டை முதல் ஜோடிக்கு, இரண்டாவது ஓட்டை இரண்டாவது ஜோடிக்கு. புத்தகத்தில் அந்த ஜோடி இருந்தால் அட்டையில் குறி வைப்பான். மறுநாள் கடையில் சாப்பாட்டு நேரத்தில் அந்தக் குறியில் மிதித்து ஓட்டை போட்டுவிடுவான். அருணகிரி மாஸ்டர் முதல் வாரம் எட்டிப் பார்த்து, இது எந்தக் கம்பெனி பார்டர் என்று கேட்டார். மனு என்றான்.  வர வர எவன் எவனோ எதை எதையோ புடவையில் போடுகிறான் என்று மாஸ்டர் முணுமுணுத்துக்கொண்டு போய்விட்டார்.

அவ்வளவு புத்தகங்களையும் படிக்க அவனுக்கு ஆயுள் போதாது. ஆனால் படிக்க வேண்டியதில்லை. கலைந்துபோன பாவில் அறுந்த இழையைக் கண் தானாகப் போய்ப் பிடிக்குமே, அந்த மாதிரி, தெரிந்த ஜோடி மட்டும் பக்கத்தில் தூக்கிக்கொண்டு நின்றது. ஐந்து ஞாயிற்றுக்கிழமையும், வேலை முடிந்த சாயங்காலங்களும் போயின. முப்பத்தோரு புத்தகம் பார்த்தான். மாட்டு வைத்தியம், ரயில்வே விதிகள், கர்ப்பிணிகளுக்கு அறிவுரை, நாடகப் பாட்டு, செபப் புத்தகம், ஊறுகாய் போடுவது, கனவுக்குப் பலன், காதல் கதைகள் ஏழு. மேலட்டை கிழிந்து பேர் தெரியாமல் போனவையும் உண்டு. பேர் போனாலும் அச்சடித்த வருஷம் தெரிந்தால் போதும். யார் முதலில் அடித்தது என்பதுதானே கேள்வி.

அங்கேதான் அவனுக்கு உலகம் வேறு மாதிரி தெரிய ஆரம்பித்தது. ‘மிகவும் தாழ்மையுடன்’ என்பதை எல்லாரும் ரொம்பப் பழசு என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அவன் பார்த்தவரையில் பழைய புத்தகங்களில் ‘மெத்தத் தாழ்மையாய்’ என்றுதான் இருந்தது. நடுவில் ஏதோ ஒரு வருஷம் மெத்தையை எடுத்துவிட்டு ‘மிகவும்’ வந்து உட்கார்ந்துவிட்டது. ‘மேற்படி நபர்’ ரயில்வே விதியில் பக்கத்துக்குப் பத்துத் தடவை வந்தது. ஊறுகாய்ப் புத்தகத்திலும் ஒரே ஒரு தடவை வந்தது. அந்த நபர் யார், ஊறுகாய்க்குள் எப்படிப் போனார் என்று இரண்டு நாள் அவனுக்குத் தூக்கம் வரவில்லை.

எல்லாவற்றையும்விட அவனைப் பாதித்தது ஒரு மாடு. மனுவில் அவன் ‘என் மனைவி கண்ணில் நீர் வடிய’ என்று எழுதியிருந்தான். லீலா அழவில்லைதான், இருந்தாலும் மனுவுக்காகப் போட்டது. ‘கண்ணில் நீர்’ ஏழு காதல் கதையிலும் இருந்தது. அந்த ஏழில் மூத்தது முப்பத்து நாலாம் வருஷத்துக் கதை. ஆனால் ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினொன்றில் அச்சான மாட்டு வைத்தியத்தில், கோமாரி கண்ட பசுவுக்குக் கண்ணில் நீர் வடியும் என்று அச்சடித்தாற்போல் இருந்தது. அச்சடித்ததுதானே. அன்றைக்கு வீட்டுக்குப் போனதும் லீலாவிடம் இதைச் சொன்னான். எல்லாக் கதாநாயகிகளும் அந்தப் பசுவைப் பார்த்துத்தான் அழுதிருக்கிறார்கள், பின்னால் வந்தவர்கள் அவர்கள்தான் என்றான்.

லீலா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவள் நிமிரவில்லை.

“ஆனி மாசம் ஊட்ட இடிக்க வரான். நீ மாட்ட புட்சிகினு அழுவற.”

“இல்ல லீலா, ஞாயம் இன்னான்னா...”

“ஞாயத்த அந்த மாட்டாண்ட சொல்லு. பால் குடுத்தாலும் குடுக்கும்.”

வைகாசி கடைசியில் கணக்கு முடிந்தது. மனுவின் அறுபது ஜோடியில் ஐம்பத்தேழு பழைய புத்தகங்களில் இருந்தன. மூன்று மட்டும் எதிலும் இல்லை. ‘மூங்கில்மேட்டில் சக்கரவர்த்தி’ ஒன்று. ‘சக்கரவர்த்தி முட்டிவலியால்’ இன்னொன்று. ‘முட்டிவலியால் அட்டை’ மூன்றாவது. இந்த மூன்றையும் அவனுக்கு முன்னால் யாரும் பக்கத்தில் பக்கத்தில் வைத்ததில்லை. மீதியெல்லாம் ஊரார் சொத்து. ஆனால் ஒரே ஆளுடைய சொத்து இல்லை, முப்பத்தோரு ஆளிடம் சிதறிக் கிடக்கிறது. ஆகவே முனியம்மாளைப் பார்த்து அடிக்கவில்லை என்று நிரூபணம் ஆகிவிட்டது. அட்டைகளைக் கயிற்றில் கோத்துத் தோளில் போட்டுக்கொண்டு சுப்பராயலுவிடம் போனான்.

சுப்பராயலு சிரிக்கவில்லை. அட்டையை அவர் மதிக்கிறவர். ஆபீஸுக்குப் பின்புறம் வெயிலில் போய் நின்று ஒவ்வொன்றாக மனுவின் அட்டையோடு சேர்த்துப் பிடித்துப் பார்த்தார். தரையில் விழுந்த புள்ளிகளைக் குச்சியால் தொட்டு எண்ணினார். அப்புறம் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வேலை சுத்தமாக இருக்கிறது, அவன் முனியம்மாளிடம் திருடவில்லை என்று ஒத்துக்கொண்டார். ஆனால் அதனால் விஷயம் இன்னும் மோசமாகிவிட்டது என்றார். முன்னே ஒரு மனுவைப் பார்த்து அடித்தான் என்று இருந்தது. இப்போது முப்பத்தோரு புத்தகத்தைப் பார்த்து அடித்தான் என்று அவனே எழுதிக் கொடுத்த மாதிரி ஆகிவிட்டது.

“அந்த மூணு ஜோடி சார்?”

“மூணு ஜோடி உன்துதான். அத யாரும் இல்லேன்னு சொல்ல முடியாது.” கொஞ்ச நேரம் விரலை மடக்கிக் கணக்குப் போட்டார். “அறுவதுல மூணு. இருவதுல ஒண்ணு. உன் எடம் ரெண்டு செண்டு. இருவதுல ஒரு பங்கு பட்டா வோணும்னா நான் சிபாரிசு பண்றேன். ஒரு கட்டிலு, ஒரு அண்டா வைக்கலாம்.”

அவர் கேலிக்குச் சொல்லவில்லை. அதுதான் பேஜார். சக்கரவர்த்தி வீட்டுக்கு வந்து கயிற்றால் அளந்து பார்த்தான். கட்டிலைப் போட்டு அண்டாவை வைத்தான். அண்டா இருந்தால் லீலா படுக்க இடமில்லை. லீலா கதவோரம் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.   உள்ளே போய்ப் பருப்பு டப்பாவுக்கு அடியிலிருந்து அந்தத் தள்ளுபடி உத்தரவைக் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் தறியில் உட்கார்ந்தவள், பார்டரைப் பார்க்கத் தெரியும்.

“நீ எழுதனத குத்திப் பாத்த. அவங்க எழுதனத குத்திப் பாத்தியா? முனியம்மா ஊட்டுல இதே பேப்பர் கீது. வரி நிக்கற நீட்டு, முடியற எடம், எல்லாம் இது மாரியேதான் கீது. பூங்காவனம் ஊட்டுலயும் கீது.”

சக்கரவர்த்திக்கு முட்டி வலி மறந்துபோனது. மேட்டில் வீடு வீடாகப் போய்ப் பதினாலு உத்தரவையும் வாங்கினான். முனியம்மாள் மட்டும் தரமாட்டேன் என்றாள். அவள் அதில் ஊதுபத்தி சுற்றி வைத்திருந்தாள். ஊதுபத்தியை எடுத்துவிட்டுத் தருவதற்குள் அரைமணி நேரம் அவனைத் திட்டினாள். தன்னுடையதோடு சேர்த்துப் பதினைந்து உத்தரவுக்கும் பதினைந்து அட்டை அடித்தான். ‘தங்கள் மனு’ ஓர் ஓட்டை. ‘மனு பரிசீலிக்கப்பட்டது’ ஓர் ஓட்டை. ‘தகுந்த முகாந்திரம்’, ‘முகாந்திரம் இல்லாத’, ‘இல்லாத காரணத்தால்’. பதினைந்தையும் ஒன்றின்மேல் ஒன்று அடுக்கி வாசலில் வெயிலில் பிடித்தான். ஒரு புள்ளி குறையாமல் வெளிச்சம் மண்ணில் விழுந்தது. இருபத்தாறு வருஷத்தில் அவன் இப்படி ஒரு வெளிச்சம் பார்த்ததில்லை. பதினைந்து அட்டையில் ஓர் ஓட்டைகூடப் பிசகவில்லை.

ஆனி ஏழாம் தேதி மனு நாள். பிலவேந்திரன் கடையைச் சாத்திவிட்டு முப்பத்தோரு புத்தகத்தையும் சைக்கிளில் மூட்டை கட்டிக்கொண்டு வந்தான். மேட்டுக்காரர்கள் எல்லாரும் வந்து வராந்தாவில் உட்கார்ந்துவிட்டார்கள். பெரிய அதிகாரி சின்ன வயது ஆள். மேசைமேல் மூன்று பேனா வைத்திருந்தார். சுற்றறிக்கையைப் பற்றிப் பேச்சு எடுத்தாலே முகம் மலர்ந்தது. சக்கரவர்த்தி அவர் ஜன்னலில் அட்டைக் கட்டைத் தூக்கிப் பிடித்தான். மேசைமேல் வெளிச்சப் புள்ளிகள் வரிசையாக விழுந்தன. இது என்ன என்று அவர் கேட்டார்.

“உங்க உத்தரவு சார். பதினஞ்சும் ஒண்ணுதான். மொத உத்தரவு யாருக்குப் போச்சோ அது செல்லும். மீதி எல்லாம் அத பாத்து அடிச்சது.”

அதிகாரி சுப்பராயலுவைப் பார்த்தார்.  சுற்றறிக்கை மனுவுக்குத்தானே தவிர உத்தரவுக்கு இல்லை என்று அதிகாரி விளக்க ஆரம்பித்தார்.  சக்கரவர்த்தி சுவருக்குப் போய், முக்கால் மணி நேரம் படித்திருந்த காகிதத்தில் நாலாவது வரியில் விரல் வைத்தான். ‘இவ்வலுவலகத்தில் பெறப்படும் மற்றும் அனுப்பப்படும் எழுத்துகள் யாவும்’ என்று இருந்தது. கையெழுத்துப் போட்ட அதிகாரி உட்பட அந்த ஆபீஸில் அதை நாலாவது வரிவரைக்கும் படித்தவர்கள் யாருமில்லை.

அதிகாரி நேர்மையானவர். தன் கையெழுத்துக்குத் தானே கட்டுப்படாவிட்டால் எப்படி என்று நினைத்தார். முதல் உத்தரவு யாருக்குப் போனது என்று பதிவேட்டைப் புரட்டினார்கள். எட்டு வருஷத்துக்கு முன்னால் இதே வாசகத்தில் வேறு ஒருவருக்குப் போயிருந்தது. அவருக்கு முன்னால் இன்னொருவருக்கு. ஆகவே மேட்டுக்காரர்களின் பதினைந்து உத்தரவும் செல்லாது, பதினைந்து மனுவும் நிலுவையில் இருப்பதாக ஆகிறது, நிலுவையில் இருக்கிற வரைக்கும் வீட்டைத் தொடக்கூடாது என்று சுப்பராயலு மெல்லச் சொன்னார். பரவாயில்லை, இப்போதே யாரும் எழுதாத வார்த்தையில் புதிதாக ஒரு தள்ளுபடி எழுதிவிடுகிறேன் என்று அதிகாரி பேனாவைத் திறந்தார். முதலில் சக்கரவர்த்தியின் மனு. அப்போது மணி மூன்று.

‘ஏற்க இயலாது’ என்று எழுதினார். ரேஷன் கார்டு கோப்பில் இருக்கிறது என்று சுப்பராயலுவே சொல்லிவிட்டார். ‘இடமளிக்க முடியவில்லை’ என்று எழுதினார். ரயில்வே விதியில் பக்கம் பன்னிரண்டு என்று பிலவேந்திரன் வாசித்தான். அதிகாரி கொஞ்சம் இறங்கிவந்து ‘போய் வாரும்’ என்று எழுதினார். அது நாடகப் பாட்டில் ராஜா சொல்கிறது. வெறுமனே ‘இல்லை’ என்று ஒரே வார்த்தை போட்டுவிட்டால் ஜோடியே கிடையாதே என்று அவருக்கு ஒரு யோசனை வந்தது.  ஆனால் உத்தரவுக்கு அடியில் கையெழுத்து வேண்டும். ‘இல்லை’யும் அவர் பேரும் பக்கத்தில் பக்கத்தில் வந்துவிடுகிறது. அந்த ஜோடி அவர் வந்த நாளிலிருந்து எல்லாக் கோப்பிலும் இருந்தது.

மணி ஐந்தானபோது அதிகாரி சட்டைக் கையை மடித்துவிட்டு, ‘ஆற்றோர மண்ணில் ஆசை வைக்காதே’ என்று எழுதியிருந்தார். எழுதினதைத் தானே ஒரு தடவை படித்துப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். ‘ஆசை வைக்காதே’ கனவுக்குப் பலன் புத்தகத்தில் இருந்தது. தலைப்பு, கனவில் மீன் கண்டால்.

“சுப்பராயலு, இந்த ஆபீஸ்ல இந்த மேட்டுக்கு இதுவரைக்கும் எழுதாததுன்னு எதுனா கீதா?”

சுப்பராயலு அறுபத்தோராம் வருஷத்திலிருந்து இருக்கிற பதிவேட்டை எடுத்துவந்து விரலால் தடவிக்கொண்டே போனார். கடைசிப் பக்கம்வரைக்கும் போனார்.

“ஒண்ணு கீது சார். ‘பட்டா வழங்கலாம்’னு யாரும் எழுதல.”

“ஏன்?”

“எழுத வேண்டி வரல சார்.”

அதிகாரி பிலவேந்திரனைப் பார்த்தார். பிலவேந்திரனும் சக்கரவர்த்தியும் முப்பத்தோரு புத்தகத்தையும் புரட்டித் தேடினார்கள். மாட்டு வைத்தியத்தில் இல்லை. ஊறுகாயில் இல்லை. ஏழு காதல் கதையிலும் யாரும் யாருக்கும் பட்டா வழங்கவில்லை. அதிகாரி எழுதிக் கையெழுத்துப் போட்டார். மற்ற மனுக்களை அடுத்த மனு நாளில் பார்த்துக்கொள்கிறேன் என்று முகம் கழுவ எழுந்துவிட்டார்.

வெளியே வந்ததும் முனியம்மாள் அவனைப் பிடித்துக்கொண்டாள். இந்த ஆபீஸில் இருந்ததே ஒரு நல்ல வார்த்தை, அதையும் இவன் எடுத்துக்கொண்டு போய்விட்டான், இனி தனக்கு அதை எழுதினால் இவனைப் பார்த்து அடித்தது என்று ஆகிவிடாதா என்று கேட்டாள். ஊதுபத்தி நமுத்துப்போனதையும் சேர்த்துக் கேட்டாள்.  சக்கரவர்த்தி இரண்டு சென்ட் காகிதத்தைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு அவளுக்கு முன்னால் தலை குனிந்து நடந்தான். கொண்டாட்டத்துக்கு வாங்கின அரைக்கிலோ மிக்சரை லீலாவே தனியாகத் தின்றாள்.

ஒன்பதாம் நாள் பிலவேந்திரன் வீட்டுக்கு வந்தான். சைக்கிளை நிறுத்திவிட்டு உள்ளே வராமல் நின்றான். கையில் செல்லரித்த ஒரு புத்தகம். பெரணமல்லூர் பக்கம் ஒரு பழைய வீட்டை இடித்தபோது வந்த மூட்டையில் கிடைத்ததாம். ஜமீன் கணக்கர்கள் கடிதம் எழுதுவதற்காக மாதிரிகள் போட்ட புத்தகம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எட்டில் அச்சானது. அந்தோணியார் மேல் ஆணை, தான் தேடவில்லை, தூசி தட்டும்போது கண்ணில் பட்டுவிட்டது என்றான். நாற்பத்து நாலாம் பக்கம். ‘மேற்படி நபருக்குப் பட்டா வழங்கலாம்.’

சக்கரவர்த்தி புத்தகத்தை வாங்கி அச்சான வருஷத்தைப் பார்த்தான். தொண்ணூற்றாறு எங்கே, தொள்ளாயிரத்து எட்டு எங்கே. அவனுடைய பட்டா பார்த்து அடித்தது. அதை அவனே சுப்பராயலுவிடம் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்றுகூட ஒரு கணம் தோன்றிற்று. வெளிச்சம் பார்த்த கை அது.

லீலா அவன் முகத்தைப் பார்த்தாள், புத்தகத்தைப் பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் புத்தகத்தைப் பிடுங்கிக்கொண்டு அடுப்புப் பக்கம் நடந்தாள். எழுத்துக் கற்ற இந்த மூன்று வருஷமாக எழுத்துள்ள காகிதத்தை அவன் மிதித்ததுகூட இல்லை. அவன் தடுப்பதற்குள், இரு என்று வேறொரு சத்தம் கேட்டது. வாசலில் முனியம்மாள். பிலவேந்திரன் வந்ததிலிருந்து அவள் வேலிப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

“அது முழுக்கக் குடுக்கற புத்தகம்தானே? வேற வார்த்தையில குடுத்தது கீதா பாரு.”

சக்கரவர்த்தி புத்தகத்தை வாங்கிப் புரட்டினான். இருந்தது. அந்த ஜமீன் ஆட்கள் நிஜத்தில் கொடுத்தார்களோ இல்லையோ, கொடுக்கிற மாதிரி எழுதுவதற்கு விதம் விதமாகப் போட்டு வைத்திருந்தார்கள். ‘குடியிருந்து கொள்ளட்டும்.’ ‘ஆட்சேபம் காணோம்.’ ‘கேட்டபடி விடவும்.’ ‘இஷ்டம்போல் ஆளவும்.’ எண்ணிப் பார்த்தான். இருபதுக்குமேல் இருந்தது. மேட்டில் மீதி பதினாலு வீடு. எல்லாமே அந்த ஆபீஸில் யாரும் எழுதாத வார்த்தைகள்.

“ஆனா இதுவும் பாத்து அடிச்சதாயிடுமேக்கா. இந்தப் புத்தகம் இருக்கற வரைக்கும்...”

“இருந்தாத்தானே,” என்றாள் முனியம்மாள். “எல்லாத்தியும் எழுதி எடுத்துக்கோ, மனு நாளுக்கு அதிகாரிக்கு எடுத்துக் குடுக்கலாம். அப்பறம் அவகிட்ட குடு.”

பிலவேந்திரன், புத்தகம் எடைக்கு முந்நூறு கிராம் வரும் என்று ஆரம்பித்தான். இரண்டு பெண்களும் திரும்பிப் பார்த்தார்கள். அவன் சைக்கிளுக்குக் காற்று இருக்கிறதா என்று அமுக்கிப் பார்க்கக் குனிந்துகொண்டான்.

சக்கரவர்த்தி ஒரு நோட்டை எடுத்துவைத்துக்கொண்டு இரண்டு இரண்டு வார்த்தையாக எழுத உட்கார்ந்தான். பொழுது சாயும்வரைக்கும் எழுதினான். எழுதி முடித்த புத்தகப் பக்கத்தை லீலா கிழித்துக்கொண்டு போனாள். அன்றைக்கு அந்த வீட்டில் வெந்நீருக்கு விறகு வைக்கவில்லை. நாற்பத்து நாலாம் பக்கம் வந்தபோது அதை மட்டும் கொஞ்சம் பொறு என்று சொல்லி, வெளிச்சத்துப் பக்கம் திருப்பி ஒரு தடவை முழுக்கப் படித்தான். அந்தக் காலத்து மேற்படி நபருக்கு எத்தனை சென்ட் கொடுத்தார்கள் என்று அதில் போடவில்லை.

பக்கத்தில் முனியம்மாள் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். எல்லாவற்றையும் திரும்பத் திரும்பப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டாள். கேட்டபடி விடவும் என்றால் பின்னால் எவனாவது கேட்காமல் விட்டது என்பான். ஆட்சேபம் என்றால் என்னவோ வியாதி மாதிரி இருக்கிறது. கடைசியில் ஒன்றில் விரல் வைத்தாள். அது எந்த வரி என்று அவளுக்குத் தெரியாது, அவன் படித்த குரலை வைத்துக் குத்துமதிப்பாக வைத்தாள்.

“எனக்கு அந்த இஷ்டம்போல் ஆளவும் போடு. பூங்காவனம் கேட்டா தீந்துபோச்சின்னு சொல்லு.”